அயர்லாந்துப் பூர்வீகம்: கொந்தளிப்புக் காலத்தில் ஒரு குடும்பத்தைத் தேடுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

1916 ஈஸ்டர் எழுச்சியில் தொடங்கி 1923இல் உள்நாட்டுப் போர் ஓயும்வரை அயர்லாந்தில் குடும்பங்கள் சிதறின, ஊர்ப்பெயர்கள் மாறின, ஆவணங்கள் எரிந்தன. அந்தக் காலத்து உறவினர்களைத் தேடும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் கணவரின் பூர்வீகம் கவுன்ட்டி மேயோ. "எல்லாம் 1922 தீயில் போய்விட்டது, தேடிப் பயனில்லை" என்று அவர் வீட்டுப் பெரியவர்கள் கைவிரிக்கிறார்கள். எதுவுமே மிஞ்சவில்லையா?
– வாசகி, கால்வே

நிறைய மிஞ்சியிருக்கிறது. 1922 ஜூன் 28 அன்று டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தின் மீது பீரங்கித் தாக்குதல் தொடங்கியது. ஜூன் 30 அன்று அங்கிருந்த பொது ஆவண அலுவலகத்தின் காப்பறை வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதியும், மூல உயில்களும், பாதுகாப்புக்காக அங்கே ஒப்படைத்திருந்த அயர்லாந்துத் திருச்சபையின் (புராட்டஸ்டன்ட் சபை) பதிவேடுகளும், நீதிமன்றக் கட்டுகளும் அதில் போயின. 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அதற்கு வெகுகாலம் முன்பே அரசே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் கூழாக்கப்பட்டன. இவற்றையும் சேர்த்து அந்தத் தீயின் தலையில் போட்டுவிடுகிறார்கள்.

உங்களுக்கு வேண்டிய அடிப்படைப் பதிவுகள் ஃபோர் கோர்ட்ஸில் இருக்கவே இல்லை. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1864 ஜனவரி 1 முதல் (கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணம் 1845 முதல்) பத்திரமாக இருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளின் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதிகளின்) ஞானஸ்நானப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் தப்பின. 1880 வாக்கில் முடியும் அவற்றின் படச்சுருள் நகல்களை அயர்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுமையாக உள்ளன. அவற்றைத் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் காசு கொடுக்காமல் பார்க்கலாம். 1921இல் பிரிட்டனுக்கு எதிரான சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்ததால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அடுத்தது 1926 ஏப்ரல் 18 அன்று எடுத்தது. நூறு ஆண்டு விதிப்படி 2026 ஏப்ரல் 18 அதன் திறப்பு நாள்.

தேடலைக் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கொண்டுபோங்கள். முதலில் இறப்புப் பதிவு, பிறகு திருமணம், அதன் பிறகு பிறப்பு. ஐரிஷ்ஜீனியாலஜி.ஐஇ என்ற அரசுத் தளத்தில் 100 ஆண்டு தாண்டிய பிறப்பு, 75 ஆண்டு தாண்டிய திருமணம், 50 ஆண்டு தாண்டிய இறப்பு ஆகியவற்றின் மூலப் பக்கமே படமாகக் கிடைக்கும். அட்டவணையில் பெயர் கிடைத்ததும் நிறுத்திவிடாமல் படத்தைத் திறந்து பாருங்கள். திருமணப் பதிவில் இரு தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும், தாயின் பெயர் இருக்காது. இறப்புப் பதிவில் பெற்றோர் பெயரே வராது. தகவல் தந்தவர் யார் என்ற கட்டத்தில்தான் மகனோ மருமகளோ தட்டுப்படுவார்கள். பிறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருக்கும். ஒரே பெயரில் நான்கு பேர் வாழ்ந்த ஊரில் உங்களவரைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அதுதான்.

பிறந்த தேதிக்கு முன்பே ஞானஸ்நானம் நடந்திருப்பதாகப் பதிவேடு சொன்னால் குழம்ப வேண்டாம். பதிவுக் காலக்கெடு தாண்டினால் அபராதம் கட்ட வேண்டும் என்பதால் பெற்றோர் பிறந்த தேதியைப் பின்தள்ளிச் சொல்வது சகஜம். அங்கே ஞானஸ்நானத் தேதியை நம்புங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக டவுன்லேண்டைக் கண்டுபிடியுங்கள். இது அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவு. நாடு முழுக்க 60,000க்கும் மேல் இருக்கின்றன, சிலவற்றில் இரண்டு மூன்று வீடுகளே இருக்கும். பதிவு அட்டவணையில் வரும் மாவட்டப் பெயர் பழைய ஏழைகள் நலச் சட்ட வட்டாரத்தின் பெயர். அது கவுன்ட்டி எல்லையை மதிக்காது. மேயோ குடும்பம் பக்கத்துக் கவுன்ட்டியில் உள்ள ஊரின் பெயரில் பதிவாகியிருக்கலாம். டவுன்லேண்ட் கைக்கு வந்துவிட்டால் கிரிஃபித் நில மதிப்பீடு (1847–1864), அதற்குப் பின் வந்த திருத்தப் புத்தகங்கள் ஆகியவற்றில் அந்த நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பார்க்கலாம். திருத்தப் புத்தகத்தில் பழைய பெயரை அடித்து, வேறு நிற மையில் புதிய பெயரை எழுதி, ஓரத்தில் ஆண்டைக் குறித்திருப்பார்கள். அந்த ஆண்டை ஒட்டி முன்னும் பின்னும் இரண்டு மூன்று வருடம் இறப்புப் பதிவில் தேடினால் பெரும்பாலும் பலன் கிடைக்கும்.

எரிந்துபோனவற்றின் நகல்களும் சுருக்கக் குறிப்புகளும் உலகெங்கும் வேறு காப்பகங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் திரட்டி 2022 ஜூனில் தொடங்கிய 'வர்ச்சுவல் ரெக்கார்ட் ட்ரெஷரி' தளமும் இலவசம்தான். 1864க்கு முந்தைய தலைமுறைக்குப் போகும்போது அதைத் திறங்கள்.

கேள்வி: 1901இல் 52 வயது என்று எழுதிய ஒரு பாட்டி 1911இல் 70 என்கிறார். இருவரும் ஒருவர்தானா?
– வாசகர், கார்க்

ஒருவராகவே இருக்கலாம். 70 வயது நிறைந்தவர்களுக்கு ஓய்வூதியம் தரும் சட்டம் 1908இல் வந்தது, 1909 ஜனவரி முதல் பணம் கிடைத்தது. அவர்கள் பிறந்தபோது அரசுப் பதிவே இல்லாததால் பலருக்குத் தங்கள் வயது சரியாகத் தெரியாது. தெரிந்தவர்களும் கூட்டிச் சொன்னார்கள். வயதை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் பெயர் வரிசை, டவுன்லேண்ட், சமயம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். 1911 படிவத்தில் மணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை என்ற மூன்று கட்டங்கள் உண்டு. அவை வயதைவிட நம்பகமானவை.

இந்த ஓய்வூதியத்தால் நமக்கு ஒரு பெரிய நன்மையும் கிடைத்திருக்கிறது. வயதை நிரூபிக்க 1841, 1851 கணக்கெடுப்புகளைத் தேடிப் பார்க்கச் சொல்லி விண்ணப்பித்தார்கள். கணக்கெடுப்பு பின்னால் எரிந்தாலும் அந்தத் தேடல் படிவங்கள் தப்பிவிட்டன. விண்ணப்பித்தவரின் பெற்றோர் பெயர், அவர்கள் அன்று வாழ்ந்த டவுன்லேண்ட், அதிகாரி கண்டுபிடித்த விவரம் எல்லாம் அதில் இருக்கும். தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். திருமணமான பெண்ணைத் தேடும்போது பிறந்த வீட்டுப் பெயரையும் போட்டுப் பாருங்கள், பெற்றோரின் பெயர் வழியாக அவர் அகப்படுவார்.

கேள்வி: கொள்ளுத்தாத்தா ஐ.ஆர்.ஏ.வில் (ஐரிஷ் குடியரசுப் படை) இருந்தார் என்பது குடும்பப் பேச்சு. ஒரு பதக்கமும் இருக்கிறது. உறுதி செய்வது எப்படி?
– வாசகர், லிமெரிக்

பதக்கத்தின் நாடாவைப் பாருங்கள். 1917–1921 சேவைப் பதக்கம் 1941இல் உருவானது. நாடாவின் குறுக்கே 'கோம்ராக்' என்று பொறித்த பட்டை இருந்தால், அவர் களப்பணி செய்தவர் என்று அரசு ஏற்றுக்கொண்டது. பட்டை இல்லாதது உறுப்பினராக இருந்ததற்கானது. பட்டை இருந்தால் ஓய்வூதியக் கோப்பும் இருக்க நல்ல வாய்ப்பு.

அந்தக் கோப்புகள் டப்ளின் ராத்மைன்ஸ் பகுதியில் கதால் ப்ரூஹா படைமுகாமில் உள்ள ராணுவ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 2014 முதல் தவணை தவணையாக இணையத்தில் இலவசமாக வெளியாகின்றன. உங்களவர் பெயர் இன்று இல்லாவிட்டால் அடுத்த வெளியீடு வந்ததும் மறுபடி தேடுங்கள். 1924 ஓய்வூதியச் சட்டம் தேசிய ராணுவத்தில் (புதிய அயர்லாந்து அரசின் படை) சேர்ந்திருந்தவர்களுக்கானது. பிரிட்டனோடு 1921இல் செய்த ஒப்பந்தத்தை எதிர்த்தவர்களும் கமன் நா மான் என்ற பெண்கள் அமைப்பினரில் பெரும்பாலோரும் 1934 சட்டத்தின் கீழ்தான் விண்ணப்பித்தார்கள். காயம்பட்டவர்களுக்கும், இறந்தவர்களின் குடும்பத்துக்கும் 1923 முதல் தனிச் சட்டங்கள் இருந்தன. ஆகவே போரில் இறந்தவரைத் தேடினால் அவர் தாய் அல்லது மனைவியின் பெயரிலும் தேடுங்கள்.

1934 சட்டப் படிவம் பணிக்காலத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கேட்கும். முதலில் ஈஸ்டர் வாரம். பிறகு 1916 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு ஒரு பகுதி. 1921 ஜூலை 11 அன்று, அதாவது போர் நிறுத்த நாளோடு ஒரு பகுதி முடியும். கடைசிப் பகுதி 1923 செப்டம்பர் 30 வரை போகும். ஒவ்வொன்றிலும் யாருக்குக் கீழே இருந்தார், எந்த நடவடிக்கையில் கலந்துகொண்டார், யார் சாட்சி என்று எழுத வேண்டும். கூடவே பிரமாண வாக்குமூலம், மேலதிகாரியின் சான்று, சில சமயம் பங்குத்தந்தையின் கடிதம், வேலை போய்க் கடன்பட்டிருக்கிறேன் என்ற கெஞ்சல் எல்லாம் சேர்ந்திருக்கும். முதல் இரண்டு பக்கங்களோடு நிறுத்தாதீர்கள். முகவரி மாற்றம், திருமணம், அமெரிக்காவுக்குப் போன விவரம், இறந்த தேதி போன்றவை பெரும்பாலும் கோப்பின் பின்பாதியில் வரும் கடிதங்களில்தான் கிடைக்கும்.

இவை பணம் கேட்டு எழுதியவை, பல சம்பவம் நடந்து பன்னிரண்டு பதினைந்து ஆண்டு கழித்து எழுதியவை என்பதை மறக்கக் கூடாது. தேதி தவறும், பங்கு பெரிதாகும். அதேபோல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்றால் அவர் இயக்கத்திலேயே இல்லை என்று அர்த்தமில்லை. 'களப்பணி' என்பதற்குச் சட்டம் வைத்த அளவுகோலை அவர் எட்டவில்லை என்பதே பொருள். செய்தி கொண்டுபோனது, தலைமறைவானவர்களுக்குச் சோறுபோட்டது, துப்பாக்கியை ஒளித்துவைத்தது ஆகியவற்றைச் செய்த பெண்கள் பலர் இப்படித் தள்ளப்பட்டார்கள். அந்தக் கோப்புகளும் முழுதாக இருக்கின்றன. ஒரு வீட்டின் அன்றாடத்தை அறிய அவற்றைப் போல எதுவும் உதவாது.

விண்ணப்பமே போடாதவர்களும் ஏராளம். அவர்களுக்கு ஐ.ஆர்.ஏ. பெயர்ப் பட்டியல்கள் உண்டு. 1930களில் அந்தந்தப் பிரிகேட் குழுக்களே தயாரித்தவை. 1921 ஜூலை 11, 1922 ஜூலை 1 ஆகிய இரண்டு நாட்களில் ஒவ்வொரு கம்பெனியிலும் யார் யார் இருந்தார்கள் என்று காட்டும். கம்பெனி என்ற சிறு படைப்பிரிவின் எல்லை ஏறக்குறைய ஒரு பங்கின் எல்லை. முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லையென்றால் விலகியிருக்கலாம், தேசிய ராணுவத்துக்குப் போயிருக்கலாம். அப்போது 1922 நவம்பர் 12–13 இரவில் எடுத்த ராணுவக் கணக்கெடுப்பைத் திறங்கள். ஒவ்வொரு சிப்பாயின் வயது, வீட்டு முகவரி, நெருங்கிய உறவினர் பெயர் அதில் உண்டு. அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம் என்று பிரிந்த குடும்பங்கள் பல. இரண்டு பக்கத்தையும் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

கடைசியாக, விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர்களிடம் 1947 முதல் 1957 வரை திரட்டிய 1,773 சாட்சி வாக்குமூலங்களையும் அதே காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. உங்களவர் வாக்குமூலம் தராவிட்டாலும் பக்கத்து ஊர்க்காரர் சொன்னதில் அவர் பெயர் இருக்கக்கூடும். குடும்பப் பெயரோடு டவுன்லேண்டின் பெயரையும் சேர்த்து, உள்ளடக்கத்தில் தேடுங்கள்.

கேள்வி: என் மனைவியின் கொள்ளுத்தாத்தா காவலராக இருந்தவர். 1911 கணக்கெடுப்பில் அவர் பெயர் எங்குமே இல்லை.
– வாசகர், டப்ளின்

பெயர் இல்லாவிட்டாலும் முன்னெழுத்துகள் இருக்கும். ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி (பிரிட்டிஷ் ஆட்சியின் காவல்படை) காவலர்கள் தங்கியிருந்த நிலையத்துக்குத் தனிப் படிவம் உண்டு, அதில் முழுப்பெயர் எழுதவில்லை. வயது, சமயம், பிறந்த கவுன்ட்டி, முந்தைய தொழில் ஆகியவற்றை வைத்து அடையாளம் காண வேண்டும். மனைவி மக்களோடு வெளியே குடியிருந்தால் சாதாரணக் குடும்பப் படிவத்தில் இருப்பார்.

அவருடைய பணிப் பதிவு லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் எச்.ஓ. 184 என்ற வரிசையில் இருக்கிறது. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் கட்டணத்துக்குப் பார்க்கலாம். ஒருவருக்கு ஒரு வரிதான், ஆனால் அது பொக்கிஷம். பணி எண், சேர்ந்தபோது வயது, உயரம், சமயம், சொந்தக் கவுன்ட்டி, திருமணத் தேதி, மனைவியின் கவுன்ட்டி, இடமாற்றங்கள், தண்டனை, ஓய்வு எல்லாம் வரும். மனைவியின் பெயர் மட்டும் இருக்காது. திருமணத் தேதியும் அவருடைய கவுன்ட்டியும் கிடைப்பதால் திருமணப் பதிவில் அதைப் பிடித்துவிடலாம். காவலரைச் சொந்தக் கவுன்ட்டியிலும் மனைவியின் கவுன்ட்டியிலும் பணியமர்த்த மாட்டார்கள். "தாத்தா வேலை பார்த்த ஊர்தான் பூர்வீகம்" என்ற குடும்பப் பேச்சு இங்கே அடிபடும்.

1922 ஆகஸ்டில் படை கலைக்கப்பட்டது. மிரட்டலுக்கு அஞ்சிப் பலர் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கும் வடக்கே பெல்ஃபாஸ்ட் பக்கமும் போனார்கள். அதன் பிறகு எங்கே வாழ்ந்தார் என்று அறிய, கியூவில் பி.எம்.ஜி. 48 வரிசையிலுள்ள ஓய்வூதியப் பதிவுகளைப் பாருங்கள். டப்ளின் நகரக் காவல்துறை தனி அமைப்பு. அதன் பெரும் பதிவேட்டை டப்ளின் யுனிவர்சிட்டி காலேஜ் இணையத்தில் தருகிறது.

கேள்வி: 1921 தொடக்கத்தில் சுடப்பட்டு இறந்தவரின் இறப்புப் பதிவு கிடைக்கவில்லை. மறைத்துவிட்டார்களா?
– வாசகி, டிப்பரரி

அந்த முடிவுக்கு வருமுன் மூன்று இடங்களைப் பாருங்கள். 1920 ஆகஸ்டில் வந்த அவசரச் சட்டத்துக்குப் பின் பல பகுதிகளில் வழக்கமான மரண விசாரணை நின்றது, அதற்குப் பதில் ராணுவ விசாரணைக் குழு கூடியது. அதன் சான்று பதிவாளருக்குப் போய்ச் சேர நாளானது. ஆகவே இறந்த ஆண்டோடு நிறுத்தாமல் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் தேடுங்கள். இரண்டாவது, பதிவு நடப்பது இறந்த இடத்தில். வயலில் சுடப்பட்டு நகர மருத்துவமனையில் உயிர் போயிருந்தால் நகரத்தின் பதிவேட்டில்தான் இருப்பார். மூன்றாவது, தகவல் தந்தது வீட்டார் அல்ல, ராணுவம் என்பதால் பெயர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். 'ஓ', 'மெக்' என்ற முன்னொட்டு இல்லாமலும், வயது பத்து ஆண்டு பிசகியும் வரலாம்.

விசாரணைக் குழுவின் தாள்கள் கியூவில் டபிள்யூ.ஓ. 35 வரிசையில் உள்ளன. சாட்சிகளின் கூற்றும் மருத்துவர் சொன்ன காய விவரமும் அதில் இருக்கும். அடையாளம் காட்டியவர் பெரும்பாலும் தந்தை அல்லது சகோதரர் என்பதால் உறவுமுறை உறுதிப்படும். சுட்டது ராணுவமாக இருந்தால், சுட்டவர் தரப்பே நடத்திய விசாரணை அது. தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உள்ளூர்ப் பத்திரிகைச் செய்தி, குடும்பத்தார் பின்னால் போட்ட உதவித்தொகை விண்ணப்பம் இரண்டோடும் பொருத்திப் பாருங்கள். படிக்கக் கடினமான தாள்கள் இவை. வீட்டில் வயதானவர்களிடம் காட்டுவதற்கு முன் நீங்கள் முழுதாகப் படித்துவிடுவது நல்லது.

கேள்வி: கிங்ஸ் கவுன்ட்டி, குயின்ஸ்டவுன் என்று பழைய கடிதங்களில் இருக்கிறது. வரைபடத்தில் காணோம்.
– வாசகி, வாட்டர்ஃபோர்ட்

கிங்ஸ் கவுன்ட்டி இன்றைய ஆஃபலி. குயின்ஸ் கவுன்ட்டி இன்றைய லீஷ். குயின்ஸ்டவுன் துறைமுகம் கோவ் ஆனது, கிங்ஸ்டவுன் டன் லேரி ஆனது, மேரிபரோ போர்ட்லீஷ் ஆனது. பழைய ஆவணங்களில் தேடும்போது பழைய பெயரையே போடுங்கள், புதிய பெயரைப் போட்டால் வெறுங்கைதான். லாகைனிம் என்ற அரசுத் தளம் ஒரே இடத்தின் ஐரிஷ், ஆங்கில வடிவங்களையும் பழைய எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்துத் தருகிறது. ஆட்களின் பெயரும் இப்படித்தான். மொழிப்பற்றால் 1911 படிவத்தை ஐரிஷிலேயே நிரப்பியவர்கள் உண்டு. ஆங்கிலப் பெயரில் தேடினால் அந்தக் குடும்பம் வராது. டவுன்லேண்டைத் திறந்து வீடு வீடாகப் பாருங்கள்.

கேள்வி: 1922இல் வீட்டைக் கொளுத்தியதால் இங்கிலாந்து போன புராட்டஸ்டன்ட் குடும்பம் எங்களுடையது. ஆதாரம் எங்கே தேடுவது?
– வாசகர், கேவன்

முதலில் சேதம் நடந்த தேதியை உறுதி செய்யுங்கள், காப்பகமே அதைப் பொறுத்து மாறும். 1921 ஜூலை 11க்கு முன் நடந்ததற்கான இழப்பீட்டுக் குழுவின் தாள்கள் கியூவில் சி.ஓ. 905 வரிசையில் உள்ளன. அதற்குப் பின் பிரிட்டிஷ் ஆதரவாளர் என்பதால் இழப்புக்குள்ளானவர்கள் ஐரிஷ் கிராண்ட்ஸ் கமிட்டிக்கு எழுதினார்கள், அவை சி.ஓ. 762 வரிசை. உங்களுக்கு வேண்டியது இது. சொத்து மதிப்பு, வருமானம், வங்கிக் கடன், நடந்ததன் விவரம், பரிந்துரைத்தவர்கள் பெயர் எல்லாம் இருக்கும். அயர்லாந்து அரசும் 1923இல் சொத்துச் சேத இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அதன் நிதித்துறைக் கோப்புகள் டப்ளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஒரே வீட்டுக்கு இரண்டு அரசிடமும் கேட்டவர்கள் உண்டு. இரண்டையும் எடுத்து ஒப்பிட்டால் மிகைப்படுத்தல் எங்கே என்று தெரியும். 1916 ஈஸ்டர் வாரத்தில் டப்ளினில் சொத்து இழந்தவர்களுக்குத் தனிக் குழு இருந்தது. அந்தக் கோப்புகள் இணையத்திலேயே கிடைக்கும்.

கேவன் அல்ஸ்டர் என்ற வடக்கு மாகாணத்தில் இருந்தாலும் வட அயர்லாந்தில் இல்லை. ஆன்ட்ரிம், ஆர்மா, டவுன், ஃபெர்மனா, லண்டன்டெரி, டிரோன் ஆகிய ஆறு கவுன்ட்டிகள் மட்டுமே அங்கே போயின. உறவினர் யாராவது அந்த ஆறில் குடியேறியிருந்தால், 1921 முடியும்வரையிலான பதிவுகளை ஐரிஷ்ஜீனியாலஜி.ஐஇ தளத்திலேயே பார்க்கலாம். 1922 முதல் பெல்ஃபாஸ்டிலுள்ள வட அயர்லாந்துப் பொதுப் பதிவு அலுவலகத்தில் கட்டணம் செலுத்த வேண்டும். உயில் அட்டவணை, நிலத் திருத்தப் புத்தகம் இரண்டையும் அங்குள்ள ப்ரோனி (வட அயர்லாந்துப் பொது ஆவண அலுவலகம்) காப்பகம் இலவசமாக இணையத்தில் தருகிறது.

கேள்வி: ஒரே ஒரு நாள் டப்ளின் வர முடியும். எங்கே போகலாம்?
– வாசகி, ஸ்லைகோ

இணையத்தில் கிடைப்பதற்காக அந்த நாளைச் செலவிடாதீர்கள். காலையில் கில்டேர் தெருவில் உள்ள தேசிய நூலகத்தின் வம்சாவளி ஆலோசனைப் பிரிவுக்குப் போங்கள், கட்டணமில்லை. இதுவரை கண்டதை ஒரே தாளில் பெயர், டவுன்லேண்ட், தேதி, எந்த ஆவணம் என்று எழுதி எடுத்துப்போனால் பேச்சு நேராக விஷயத்துக்கு வரும். மதியம் பிஷப் தெருவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். வாசகர் அட்டைக்குப் புகைப்பட அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும். வேண்டிய கோப்பின் எண்ணை இணைய அட்டவணையில் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள், அங்கே போய்த் தேட ஆரம்பித்தால் பொழுது போய்விடும். ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு முன்பதிவு இல்லாமல் போக முடியாது. வாசிப்பறையில் பேனா கூடாது, பென்சில் கொண்டுபோங்கள்.